பாதி வகுப்புக்கு மட்டும் ஒரு பாடமா?

தோழா!

பக்கத்து நகரிலே மாலைக் கூட்டம். பெண்ணுரிமை பற்றி ஒரு மணி நேரம் முழங்கினேன். "அடுப்பங்கரை ஒரு சிறை, அதன் கம்பிகளை முறிக்கும்வரை ஓயமாட்டோம்!" என்று நான் முடித்தபோது எழுந்த கையொலி, பேருந்திலே ஊர் திரும்பும் வழியெல்லாம் என் செவியில் இனித்துக்கொண்டே இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். இனிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

என் துணைவி அந்த வாரம் மருத்துவமனையில் இருந்தார். குடல்வால் அறுவை முடிந்து நான்காம் நாள். அவருக்குத் துணையாக என் மாமியார். வீட்டிலே பிள்ளைகள் இருவர் மட்டும். மகனுக்குப் பதினான்கு வயது, மகளுக்குப் பதினொன்று. மகள் முக்காலியின்மேல் ஏறி நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மகன் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

மூத்தவன் பசித்திருக்கிறான், இளையவள் சமைக்கிறாள்! யார் கற்றுக்கொடுத்தது இந்த வேலைப் பங்கீட்டை? நான் சொல்லவில்லை. அவர்களின் தாயும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே இருவருக்கும் தெரிந்திருந்தது, எது எவர் வேலை என்பது.

அப்பாவைக் கண்ட மகிழ்ச்சியிலே அவள் திரும்பினாள். பானை சரிந்தது. கொதிகஞ்சி குழந்தையின் கையிலே கொட்டியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா தோழா? மூன்று மணி நேர நாடகத்தை மூன்றே இரவில் எழுதி முடிக்கத் தெரிந்தவன், மன்னனை மண்டியிட வைக்கும் வசனத்தை மடமடவெனக் கொட்டத் தெரிந்தவன், அன்று பேனா மையைத் தேடினேன்! மை கிடைக்கவில்லை. பற்பசையை எடுத்துப் பூசினேன். மறுநாள் மருத்துவமனையிலே அந்தப் பசையைத் துடைத்து எடுத்தபடி செவிலியர் ஒருவர் சொன்னார்: "ஐயா, குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டியிருந்தால் இவ்வளவு பாடு இல்லையே! இதைப் பூசித்தான் புண்ணைக் கெடுத்திருக்கிறீர்கள்."

மகள் பத்து நாள் பள்ளிக்குப் போகவில்லை. மகன் ஒரு நாளும் தவறவில்லை. என் ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்கு என் வீடு எழுதிய மதிப்புரை இது.

பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஏன் தெரியவில்லை? நான் கல்லூரியைப் பாதியிலே விட்டவன். ஆனால் பள்ளியை முழுதாக முடித்தவன். பானிப்பட்டிலே மூன்று போர்கள் எந்தெந்த ஆண்டில் நடந்தன என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: 1526, 1556, 1761. ஆனால் சுட்ட கைக்கு என்ன செய்வது என்று பன்னிரண்டு ஆண்டுகளில் எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லித் தருகிற பாடம் ஒன்று இல்லாமலில்லை. மனையியல் என்று அதற்குப் பெயர். தெருவுக்கு அப்பால் இருந்த பெண்கள் பள்ளியிலே அது இருந்தது. இப்பால் இருந்த எங்கள் ஆண்கள் பள்ளியிலே இல்லை.

அந்தப் பாடத்துக்காகத்தான் இன்று வழக்காட வந்திருக்கிறேன். பெண்ணுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தவர்களோடு மட்டுமல்ல, பெண்ணுக்கும் வேண்டாம் என்று ஒழிக்கத் துடிக்கிற நம்மவர்களோடும்தான் இந்த வழக்கு.

*

முதலில் இந்தப் பாடத்தின் பிறப்பைப் பார்ப்போம்.

பொருளாதாரம் என்றதும் உனக்கு என்ன நினைவு வருகிறது? வங்கி, வரவு செலவுத் திட்டம், பங்குச் சந்தை. ஆனால் மேலைநாட்டார் பொருளாதாரத்துக்கு வைத்திருக்கும் பெயர் எங்கிருந்து வந்தது? கிரேக்க மொழியிலே ஒய்கோஸ் என்றால் வீடு. வீட்டை முறையாக நடத்துவது எதுவோ, அதுவே அந்தச் சொல்லின் முதற்பொருள். சாக்ரடீசின் மாணவர் செனபோன், இல்லாட்சி பற்றி ஒரு நூலே எழுதி வைத்தார். அந்த நூலிலே உட்கார்ந்து உரையாடுவோர் யார் தெரியுமா? ஆடவர்! வீட்டை நடத்துவது எப்படி என்று ஆண்கள் அமர்ந்து ஆராய்ந்த கலை, நாட்டை நடத்தும் கலையாக வளர்ந்ததும் அரியணை ஏறிற்று; வீட்டளவில் நின்றது அடுப்படிக்குத் தள்ளப்பட்டது. ஏறியதற்கு மேதைகள், தள்ளப்பட்டதற்கு மங்கையர்!

நம் நாட்டை எடுத்துக்கொள். வள்ளுவர் இல்லறவியலிலே இல்வாழ்க்கை பற்றி ஓர் அதிகாரம் வைத்தார். விருந்தோம்பல் பற்றி ஓர் அதிகாரம் வைத்தார். அவை துணைவிக்கு மட்டும் சொன்னவையா? இல்வாழ்வான் என்று ஆடவனைத்தானே அவர் நிறுத்தினார்! விருந்தோம்பும் பெருமையைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட ஆடவன், விருந்து சமைக்கும் வேலையை மட்டும் பிறர் பெயரில் எழுதி வைத்தான்.

சரி, பள்ளிப் பாடமாக இது எப்படி வந்தது? அமெரிக்காவிலே எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ் என்றொரு வேதியியல் அறிஞர். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் சேர்த்துக்கொண்ட முதற்பெண் அவர். 1870இல் உள்ளே போனார்; 1873இல் பட்டத்தோடு வந்தார். ஆறும் கிணறும் குளமும் தந்த தண்ணீரை ஆயிரக்கணக்கான குப்பிகளில் எடுத்து ஆய்ந்தவர். குடிநீரில் என்ன கலக்கிறது, உணவில் எது கலப்படம், காற்றில் எது நஞ்சு என்று கேட்டவர். அந்த அறிவு ஆய்வுக்கூடத்தில் அடைந்து கிடக்கக்கூடாது, வீடுதோறும் போகவேண்டும் என்றார். 1899இல் லேக் பிளாசிட் என்னும் ஊரில் கூடிய மாநாடு இந்தக் கல்விக்கு மனைப் பொருளியல் என்று பெயர் சூட்டியது. 1909இல் அதற்கென அமைந்த சங்கத்துக்கு அவரே முதல் தலைவர்.

பார்த்தாயா தோழா! இந்தப் பாடத்தைப் பெற்றவள் அடுப்புக்கு அடிமைப்பட்டவள் அல்லள். ஆய்வுக்கூடத்தின் கதவை உடைத்தவள். ஆனால் பிறகு நடந்தது என்ன? வேதியியல் துறையிலே இடமில்லை என்று விரட்டப்பட்ட பெண்களுக்கு, மனையியல் ஒரு பக்கவாட்டுக் கதவாக இருந்தது. அதன் வழியே எத்தனையோ பெண்கள் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தார்கள். நாளடைவில் அந்தக் கதவே அவர்களுக்குப் பூட்டாயிற்று. "உனக்குத்தான் மனையியல் இருக்கிறதே, வேதியியல் எதற்கு?" என்றனர். 1917இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. பள்ளித் தொழிற்கல்விக்கு நடுவண் அரசின் பணம்: உழவுக்கு, கைத்தொழிலுக்கு, மனைப் பொருளியலுக்கு. நடைமுறையில் முதல் இரண்டும் சிறுவர்க்கு, மூன்றாவது சிறுமியர்க்கு என்றாயிற்று. ஏர் அவனுக்கு, சம்மட்டி அவனுக்கு, சட்டி மட்டும் அவளுக்கு!

*

நம் நாட்டுக் கதையைச் சொல்கிறேன், கேள்.

1952இல் இந்திய அரசு இடைநிலைக் கல்விக்கென ஓர் ஆணையம் அமைத்தது. தலைவர் யார்? நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். 1953இல் வந்தது அறிக்கை. மாணவர் விருப்பத்துக்கேற்ப ஏழு பிரிவுகள் என்றது: கலைகள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, ஏழாவதாக மனையியல். எழுவரில் ஒருவராக மனையியலுக்கு இருக்கை கிடைத்தது. நல்லது! ஆனால் அதே அறிக்கை, பெண்கள் பயிலும் பள்ளிகளிலே மனையியலுக்குச் சிறப்பு வசதி வேண்டும் என்றது. பெண்ணுக்கு எல்லாப் படிப்பும் திறந்திருக்கட்டும் என்ற பெருந்தன்மை அந்த அறிக்கையில் இருந்தது. ஆணுக்கு மனையியலும் திறந்திருக்கட்டும் என்ற சிந்தனைதான் வலுவாக எழவில்லை.

அந்தச் சிந்தனையை எழுப்ப ஒரு பெண் வரவேண்டியிருந்தது. ஹன்சா மேத்தா! இந்தப் பெயரை உன் குறிப்பேட்டில் எழுதிக்கொள். 1948இல் ஐக்கிய நாடுகள் மன்றம் மனித உரிமைப் பேரறிக்கையை வெளியிட்டது. அதன் முதற்பிரிவு வரைவிலே, எல்லா மனிதரும் என்பதற்கு ஆடவரைக் குறிக்கும் சொல் இருந்தது. இந்தச் சொல் இருந்தால் பெண்ணை விட்டுவிடுவார்கள் என்று வாதாடி, மாந்தர் அனைவரும் என்று பொருள்படும் சொல்லை அங்கே அமர்த்தியவர் அவர். உலகச் சாசனத்தில் ஒரு சொல்லை மாற்றியவர், ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் மறக்கவில்லை. ஆணுக்கு ஒரு பாடத்திட்டம், பெண்ணுக்கு ஒரு பாடத்திட்டம் தேவையா என்று ஆராய அவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1964இல் விடை வந்தது: தேவையில்லை! பொதுப் பாடத்திட்டமே போதும். பாலை வைத்துப் பாடத்தைப் பிரிக்காதே. மனையியலை நடுநிலைப் பள்ளியில் இருபாலார்க்கும் பொதுவாக்கு என்றது அந்தக் குழு.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையமும் அதை ஏற்றது. மனையியலைப் பெண்களுக்குக் கட்டாயமாக்காதே என்று தெளிவாகச் சொன்னது.

அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன, தோழா! நீ இன்று உன் ஊர்ப் பள்ளிகளைச் சுற்றி வா. மேல்நிலையிலே மனையியல் பிரிவு எங்கெங்கே இருக்கிறது என்று எண்ணு. அந்த வகுப்பிலே மீசை அரும்பிய மாணவர் எத்தனை பேர் என்றும் எண்ணு. இரண்டாவது கணக்குக்கு ஒரு கைவிரல்கள் போதாது போனால் எனக்கு ஓர் அஞ்சலட்டை எழுது, மகிழ்வேன். சட்டம் தடுக்கிறதா? இல்லை. சொல்லாமலே தெரிந்த வேலைப் பங்கீடு தடுக்கிறது! என் வீட்டில் முக்காலிமேல் ஏறி நின்றதே, அதே பங்கீடு.

*

நான் நாடகக்காரன். வழக்கை ஒரு காட்சியாக்கிக் காட்டுகிறேன். மேடையிலே மூவர் வருகிறார்கள்.

முதலாமவர் பழமைவாதி. தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்: "சமையலும் வீட்டு வேலையும் பெண்ணின் பிறவிக் கலை. ஆணுக்கு எதற்கையா இந்தப் பாடம்?"

பெரியவரே, நன்று சொன்னீர்! பிறவியிலேயே தெரிந்ததைப் பள்ளியில் எதற்குக் கற்பிக்கிறீர்? மீனுக்கு நீச்சல் வகுப்பா? பிறவியில் தெரியாதவனுக்கல்லவா பாடம் வேண்டும்! உம் வாதப்படியே பார்த்தாலும் மனையியல் ஆண்கள் பள்ளியில்தான் முதலில் இருக்கவேண்டும். இன்னொன்றும் கேட்கிறேன். நீர் நம்பும் கதைகளிலே சமையலுக்குப் பேர்போனவர் யார்? நளபாகம் என்கிறீர், வீமபாகம் என்கிறீர். தமயந்திபாகம் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லையே! உம் மகள் திருமணப் பந்தலுக்குப் பின்னால் அண்டாவில் கிண்டுபவர் யார்? ஆண். உணவுவிடுதியில் தோசைக்கல் முன் நிற்பவர் யார்? ஆண். கடைத்தெருவில் தையற்பொறி மிதிப்பவர் யார்? ஆண். இந்தப் பிறவிக் கலை, கூலி கொடுக்கும் இடத்தில் மட்டும் பால் மாறிப் பிறக்கிறதே, அது என்ன மாயம்? கூலி உண்டென்றால் ஆணின் தொழில். கூலி இல்லையென்றால் பெண்ணின் கடமை. இதுதான் உம் பிறவிக் கலையின் பொருளாதாரம்!

அவர் போகிறார். இரண்டாமவர் வருகிறார். மதிப்பெண் வியாபாரி. கையிலே வினாத்தாள் கட்டு. "இது நுழைவுத் தேர்வில் வருமா?"

வராது ஐயா, வாழ்க்கையில் வரும்! நூற்றுக்கு ஐந்து வட்டி என்று கந்துவட்டிக்காரன் சொல்லும்போது, அது மாதத்துக்கு ஐந்து, ஆண்டுக்கு அறுபது என்று கணக்கிடத் தெரிந்திருந்தால் எத்தனை குடும்பம் கையெழுத்துப் போடாமல் திரும்பியிருக்கும்! கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அப்படி ஒரு சட்டம் இருப்பதை எந்த வகுப்பில் சொன்னார்கள்? ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம். இயற்பியல் வகுப்பில் அது வெறும் சூத்திரம். மனையியல் வகுப்பில் அது மாதக் கடைசிக் கண்ணீர். வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தைக்கு, ஒரு லிட்டர் தூய நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. இந்த ஒரு வரி தெரியாமல் போன உயிர்கள் உலகெங்கும் கணக்கற்றவை. எரிவாயு கசிந்த வீட்டிலே மின்விளக்குப் பொத்தானைத் தொடாதே, சன்னலைத் திற. இது தெரியாதவன் முதல் மதிப்பெண் வாங்கியவனாயினும் நெருப்புக்கு அவன் மதிப்பெண் தெரியாது!

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது: 15 முதல் 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குக் குருதிச் சோகை. அதே வயது ஆண்களில் 25 பேருக்கு. கடைசியில் உட்கார்ந்து, எஞ்சியதை உண்பவள் யார் என்று இந்த இரண்டு எண்ணும் சொல்லவில்லையா? முருங்கைக் கீரையும் கேழ்வரகும் எதற்கு என்று மனைவிக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? கடைக்குப் போகிறவனுக்கும், காசு கொடுக்கிறவனுக்கும், முதலில் உட்காருகிறவனுக்கும் தெரிய வேண்டாமா?

இரண்டாமவரும் போனார். மூன்றாமவர் வருகிறார். கரவொலி எழுகிறது. ஏனென்றால் அவர் நம்மவர்! முற்போக்காளர். "மனையியலா? பெண்ணை அடுப்படியில் பூட்டும் பாடம் அது. ஒழித்துக்கட்டு!"

தோழா, இவர்மேல் எனக்குக் கோபமில்லை. இவர் நேற்று வரை நான்தான். இதே வசனத்தை இதே ஏற்றத் தாழ்வோடு நானும் பேசியிருக்கிறேன். அதனாலேயே கேட்கிறேன்: பாடத்தை ஒழித்துவிட்டால் அடுப்பு ஒழிந்துவிடுமா? நாளை காலை பசி வராதா? குழந்தை அழாதா? முதியவர் படுக்கையில் விழமாட்டாரா? வேலை அப்படியே இருக்கும். வேலை இருந்து, வேலையைப் பற்றிய அறிவு மட்டும் ஒழிந்தால் சுமப்பவள் யார்? அதே பெண்! முன்பு கற்றுச் சுமந்தாள். இனி கல்லாமல் சுமப்பாள். இதற்கா விடுதலை என்று பெயர்?

அந்தப் பாடம் பூட்டு அன்று. பாதி வகுப்புக்கு மட்டும் அந்தப் பாடம் என்றார்களே, அதுதான் பூட்டு!

*

இப்படிச் செய்து காட்டிய நாடு உண்டா என்று கேட்பாய். உண்டு, ஜப்பான். அந்தக் கதையிலே நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது.

போருக்குப் பின் 1947இல் புதிய கல்விமுறை வந்தபோது, தொடக்கப் பள்ளியிலே மனைக்கல்வி சிறுவர் சிறுமியர் இருவர்க்கும் பொதுவாக அமைந்தது. நல்ல தொடக்கம்! ஆனால் பழமை பதுங்கியிருந்து பாய்ந்தது. 1958இல் பாடத்திட்டத்தைத் திருத்தினார்கள். 1962 முதல் இடைநிலைப் பள்ளியிலே சிறுவர்க்குத் தொழில்நுட்பம், சிறுமியர்க்கு மனைக்கல்வி என்று பிளந்தார்கள். 1973 முதல் உயர்நிலைப் பள்ளியிலே பெண்கள் அனைவர்க்கும் மனைக்கல்வி கட்டாயம். அந்த நேரத்தில் ஆண்களுக்கு? கூடுதல் உடற்பயிற்சி, ஜூடோவும் கெண்டோவும்! அவளுக்குக் கரண்டி, அவனுக்குக் கத்தி.

வாளாவிருந்தார்களா? இல்லை. 1974இல் ஆசிரியைகளும் மாதர் இயக்கத்தாரும் ஒரு சங்கம் கண்டார்கள். பெண்களின் வாக்குரிமைக்காக வாழ்நாளெல்லாம் போராடிய ஃபுசாயே இச்சிகாவா அதில் நின்றார். அவர்கள் கேட்டது என்ன? "எங்கள் பெண்களை அந்த வகுப்பிலிருந்து விடுவி" என்றா? அல்ல! "ஆண்களையும் அந்த வகுப்பில் உட்கார வை" என்றார்கள். இதுதான் முதற்பாடம்.

1979இல் பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாட்டையும் ஒழிக்கும் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் மன்றம் நிறைவேற்றியது. அதன் பத்தாம் பிரிவு, இருபாலார்க்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்கிறது. கையொப்பமிட்ட ஜப்பானிய அரசு அதை உறுதிசெய்ய வேண்டுமானால் பள்ளியைத் திருத்த வேண்டும். 1985இல் உறுதி செய்தது. 1989இல் பாடத்திட்டத்தைத் திருத்தியது. 1993இல் இடைநிலைப் பள்ளியிலும் 1994இல் உயர்நிலைப் பள்ளியிலும் ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில், ஒரே பாடம், ஒரே அடுப்பு! இருபது ஆண்டுப் போராட்டம்.

ஒன்றை உன்னிடம் மறைக்கமாட்டேன். மறைத்தால் எதிரி எடுத்துச் சொல்வான். இன்றும் ஜப்பானிய ஆண், வீட்டு வேலையிலே அந்நாட்டுப் பெண்ணுக்கு நெடுந்தொலைவு பின்னால்தான் நிற்கிறான். ஏன்? இரவு வரை விடாத அலுவலகம் இருக்கிறது. பழைய வழக்கம் இருக்கிறது. வகுப்பறை ஒன்றே மலையைப் பெயர்த்துவிடாது. இது இரண்டாம் பாடம். ஆனால் "எனக்குத் தெரியாதே!" என்ற சாக்கு அங்கே செத்துவிட்டது. செய்யாதவன் செய்ய மறுப்பவன் என்று தெளிவாகிவிட்டது. நம் ஊரிலோ செய்யாதவன், தெரியாதவன் என்ற போர்வைக்குள் நிம்மதியாக உறங்குகிறான். முதலில் அந்தப் போர்வையை உருவு!

ஜப்பான் உறுதிசெய்த அதே உடன்படிக்கையை இந்தியாவும் 1993இல் உறுதி செய்தது. கையெழுத்துப் போட்டோம், கரண்டியைத் தொடவில்லை.

*

தொடவில்லை என்பது என் சொல் அலங்காரம் என்று எண்ணாதே. நடுவண் அரசின் புள்ளியியல் துறை 2019இல் நாடு முழுவதும், யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவிடுகிறார் என்று அளந்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம். ஈடுபட்ட ஆணுக்கு 97 நிமிடம். ஈடுபட்ட ஆண் என்கிறேன், கவனி! நூற்றுக்கு 26 ஆண்கள்தாம் ஈடுபட்டவர்கள். பெண்களில் 81 பேர்.

ஐந்தாண்டு கழித்து 2024இல் மீண்டும் அளந்தார்கள். பெண்ணின் நிமிடம் 289 ஆகக் குறைந்தது. மகிழ்ச்சி! அந்தப் பத்து நிமிடத்தை ஆண் ஏற்றுக்கொண்டானா? ஆணின் நிமிடம் 88! அவனும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டான். ஐந்தாண்டில் எத்தனை மேடைகள், எத்தனை மாநாடுகள், எத்தனை மகளிர் நாள் வாழ்த்துகள்! எல்லாம் பேசிக் களைத்த ஆடவன், வீட்டுக்கு வந்து ஒன்பது நிமிடம் கூடுதலாக ஓய்வெடுத்திருக்கிறான்.

நீதிமன்றம் விழித்துக்கொண்டது. 2023இல் நம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பிலே, கணவன் ஈட்டிச் சேர்த்த சொத்துக்கு, வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பும் காரணம், ஆகவே அவளுக்கும் சமபங்கு உண்டு என்றது. நீதிபதிக்குத் தெரிந்த மதிப்பு, பாடத்திட்டக் குழுவுக்குத் தெரிய வேண்டாமா? அண்டை மாநிலம் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் பாடநூலிலே 2024இல் ஒரு படம் வந்தது. அடுப்படியில் தந்தை உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார். நாடே அதைப் பற்றிப் பேசியது. ஓர் ஆண் தேங்காய் துருவுவது செய்தியாகும் நாட்டிலே வாழ்கிறோம் தோழா! அது செய்தியாகாத நாள்தான் நாம் வென்ற நாள்.

ஆகவே நாம் கேட்பது என்ன? ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, ஆண் பெண் பாராமல் அனைவர்க்கும் மனையியல். உணவும் ஊட்டமும், முதலுதவி, குடும்பக் கணக்கும் கடனும் வட்டியும், மின்சாரமும் எரிவாயுவும், குழந்தை பேணலும் முதியோர் பேணலும், நுகர்வோர் உரிமை. ஏட்டில் மட்டுமல்ல, கையால் செய்து. மேல்நிலையிலே ஆண்கள் பள்ளியிலும் மனையியல் பிரிவு. அதைக் கற்பிக்க ஆண் ஆசிரியர்களும். பின்லாந்திலே ஏழாம் வகுப்பில் இருபாலாரும் இதைக் கட்டாயம் பயில்கிறார்கள். அந்த நாடு அதனால் அறிவியலில் தாழ்ந்துவிடவில்லை.

யாரிடம் கேட்பது? கோட்டைக்குப் போகுமுன் உன் தெருப் பள்ளிக்குப் போ. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று தந்திருக்கிறது. அதில் நால்வரில் மூவர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து நில். தீர்மானம் கொடு. முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! பெண்ணுக்குப் படிப்பு என்றபோதும் சிரித்தார்கள். பெண்ணுக்கு வாக்கு என்றபோதும் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பேத்திகள் இன்று ஆட்சியர்களாக அமர்ந்திருக்கிறார்கள்.

தீர்மானம் கொடுக்குமுன் இன்னொன்று செய். கட்டுரை முழுக்கத் "தோழா, தோழா" என்றே விளித்தேன். "தோழியை ஏன் அழைக்கவில்லை?" என்று ஒரு தங்கை கேட்கக்கூடும். தங்கையே, உனக்குத் தெரியாத எதையும் நான் இங்கே சொல்லவில்லை. அதனால்தான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவனை அழைத்தேன். தோழா, இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த ஏட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்திரு. நீ இதைப் படிக்கும்போது உன் பக்கத்தில் ஒரு தேநீர்க் குவளை இருக்கிறதல்லவா? அதைப் போட்டவர் யார்? கழுவப் போகிறவர் யார்?

என் வீட்டுச் செய்தி கேட்பாய். மகளின் கையில் தழும்பு இருக்கிறது, மங்கி வருகிறது. மகன் இப்போது சோறு வடிக்கிறான். முதல் நாள் குழைந்துவிட்டது. இரண்டாம் நாள் அடிபிடித்தது. மூன்றாம் நாள் அவன் தங்கை முதலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அருகே நின்று நானும் கற்றுக்கொள்கிறேன். முப்பத்தெட்டு வயதில் மாணவன்! வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த கூட்டத்தில் பெண்ணுரிமை பேச எழும்போது, முன்பு இருந்த வெட்கம் இருக்காது.

பள்ளிக் குழுவில் எழுந்து நின்றாய் என்ற செய்தியோடு வா. மேடையில் சந்திப்போம்!